கேப்டன் தேயர் கண்மூடியிருப்பது குறித்து

அனுப்புநர்:
லொவினா தேயர், வயது பதினைந்து,
த/பெ. கேப்டன் ஆல்வா தேயர்,
ஆல்டர் ஓடை, வெர்மான்ட் மாநிலம்.

பெறுநர்:
மாண்புமிகு சபாநாயகர் அவர்கள்,
மாநிலச் சட்டசபை, மான்ட்பீலியர்.

பொருள்: சபையில் தூங்குவதாகக் கூறி என் தகப்பனாரின் உறுப்பினர் பதவியைப் பறிக்கும் தீர்மானத்தை, வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு முடியும்வரை நிறுத்திவைக்க வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. உறுப்பினர் திரு. லெமுவெல் பார்ஸ்டோ அவர்கள் அளித்த புகாரைச் செய்தித்தாளில் படித்தோம். தகப்பனார் கண் மூடியிருந்தது உண்மை. திரு. பார்ஸ்டோ பேசிக்கொண்டிருந்தபோதுதான் மூடியிருந்தார் என்பதையும் சபை கருத்தில் கொள்ள வேண்டும்.

2. தகப்பனார் கனவு காண்கிற மனிதர், இது ஊரறிந்தது. ஊர்ப்படைக்காரர்கள் அவரைக் கேப்டனாகத் தேர்ந்தெடுத்ததே பாதி வேடிக்கைக்காகத்தான். படையிலுள்ள எல்லோரும் கட்டாயம் வரவேண்டிய ஜூன் மாதப் பயிற்சி நாளில், துப்பாக்கி இல்லாதவர்கள் துடைப்பக் கட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு பனிமூட்டத்துக்குள் நடந்தார்கள். வெளுத்துவரும் வானத்தைப் பார்த்தபடி வந்த தகப்பனார், நிற்கச் சொல்ல மறந்துவிட்டார். உத்தரவில்லாமல் நிற்பது குற்றம் என்பதால் படை ஆற்றில் இறங்கியது. பனியில் ஆறும் தெரியவில்லை, கால்களும் தெரியவில்லை. தோள்களும் தொப்பிகளும் மட்டும் மேகத்தின்மேல் மிதந்துபோவதைக் கரையிலிருந்து பார்த்தேன். அதைவிட அழகான படை எந்த மாநிலத்திலும் இருக்காது.

3. அன்று வராதவர் ஒருவர்தான்: கூலி வேலை செய்யும் ஜோதம் பெக். அவர் மனைவிக்கு அப்போது பிரசவ வலி. பயிற்சிக்கு வராமலிருக்கச் சட்டம் ஏற்கும் காரணங்களில் பிள்ளைப்பேறு இல்லை. கேப்டன் என்ற முறையில் தகப்பனார் அபராத உத்தரவில் கையெழுத்திட்டார். கட்ட வழியில்லாத ஜோதமை மாவட்டச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே போன தகப்பனார், தாமே கட்டுவதாகச் சொன்னார். ஜோதம் சம்மதிக்கவில்லை, யார் கட்டினாலும் தாம் குற்றம் செய்ததாக ஆகிவிடுமாம். பிறகு ஜோதம் சொன்னதைத் தகப்பனார் வீட்டில் அப்படியே சொன்னார்:

"சட்டத்தை நீங்க எழுதல கேப்டன். எழுதினவனுக்குப் புள்ள பொறந்தப்போ அவன் எங்க இருந்தானாம்? போய்க் கேட்டுட்டு வாங்க."

4. அதைக் கேட்கத்தான் தகப்பனார் தேர்தலில் நின்றார். ஊர் சிரித்துக்கொண்டே ஓட்டுப் போட்டது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இந்த அபராதத்துக்காக எவரையும் சிறையில் வைக்கக் கூடாது, வைத்திருப்பவர்களை விட்டுவிட வேண்டும் என்ற அவருடைய மசோதாதான் வெள்ளிக்கிழமை வாக்கெடுப்புக்கு வருகிறது. அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, இந்தத் தீர்மானத்தால் பதவி போனால் அதற்காகப் பேச அங்கே வேறு ஆளில்லை. தகப்பனாருக்கு இதில் நஷ்டமில்லை. வீட்டில் எங்கள் செம்மறிகளின் நடுவே இன்னும் வசதியாகக் கனவு காண்பார். ஜோதம் பெக்தான் தம் மகளை இன்னும் பார்க்கவில்லை. அவள் குப்புற விழத் தொடங்கிவிட்டாள்.

5. ஆகவே, தீர்மானத்தை வாக்கெடுப்புக்குப் பின் எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மசோதா வரும்போதும் தகப்பனார் கண்மூடியிருந்தால், தயவுசெய்து மேசையைத் தட்ட வேண்டாம், பலனிருக்காது. தொப்பிக்குள் நான் விட்ட தவளையோடு தேவாலயம் போய்த் திரும்பியவர் அவர். ஜோதம் பெக் என்று மெதுவாகச் சொல்லுங்கள். எழுந்து நின்றுவிடுவார்.

இடம்: ஆல்டர் ஓடை
நாள்: 18 அக்டோபர் 1836

அவர் மகள் என்பதில் வெட்கமில்லாத,
லொவினா தேயர்
(கையொப்பம்)