மூன்றாவது கவுன்ட்டரில் கேட்ட ஒரு வரி

என் அருமைப் பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் சுகமாகத்தான் இருக்கிறோம், உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு. கையெழுத்து சின்னவளுடையதாக இருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள், என் பேச்சையெல்லாம் பாடப்புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள், பொறுத்துக்கொள்.

சலவை நிலையத்தில் இத்தனை வருஷம் இஸ்திரிப் பெட்டி பிடித்ததில் வலது மணிக்கட்டில் நரம்பு நசுங்கிவிட்டதாம். சின்ன ஆபரேஷன்தான், ஆனால் தள்ளிப்போட்டால் விரல்கள் மரத்தே போய்விடும் என்கிறார் டாக்டர். இப்போதே பொத்தான் போட உன் தங்கைதான் வேண்டியிருக்கிறது. இலவசமாகச் செய்துகொள்ள அரசுக் காப்பீட்டு அட்டை வேண்டும் என்று நல அலுவலகத்துக்குப் போனோம். மூன்றாவது கவுன்ட்டரில் இருந்த பெண் நல்லவள்தான். வெளிநாட்டில் சம்பாதிக்கிற மகன் இருந்தால் சட்டப்படி அட்டை கிடையாது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பையன் எங்களைக் கவனிக்கிறதில்ல, பேச்சுவார்த்தையே இல்லன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்கம்மா, எல்லாரும் அதைத்தான் எழுதறாங்க" என்று பேனாவையும் அவளே நீட்டினாள். நீ போன வாரம்கூட அரை மணி நேரம் பேசியிருக்கிறாய். "அந்த வரியை எழுதறதுக்குப் பதிலா இந்தக் கை மரத்தே போகட்டும்மா" என்று சொல்லிவிட்டேன். பின்னால் நின்றவர், "உங்க பாசம் முடியறதுக்குள்ள இவங்க கதவைச் சாத்திடுவாங்க போலிருக்கே" என்றார், வரிசையே சிரித்தது.

அதற்குள் உன் தங்கை அங்கே கயிற்றில் தொங்கிய விதிப் புத்தகத்தைப் பிரித்துப் படிக்க உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையின் வருமானம் அவன் செலவுக்கே போதவில்லை என்றால், அவனே நிலைமையை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம், அட்டை கிடைக்கும் என்று ஒரு விதி இருக்கிறதாம். அந்தப் பெண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். "சரிதாங்க வக்கீலம்மா, இதை இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல" என்றாள். (இதை எழுதச் சின்னவள் வெட்கப்படுகிறாள், எழுதுடி என்றேன்.) உன் தாள் வந்து சேர அந்தப் பெண் மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறாள்.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் லீவு நாளில்தான் பேசுவாய், இரண்டு மாதமாக வேலை நாள் மத்தியானத்தில் கூப்பிடுகிறாய். சாப்பிட்டாயா என்றால் உடனே சாப்பிட்டேன் என்கிறாய், என்ன சாப்பிட்டாய் என்றால் யோசிக்கிறாய். பெற்றவளுக்குத் தெரியாதா? வேலை போயிருந்தால் போய்விட்டது என்றே எழுது, பாதிச் சம்பளம் என்றால் அதையே எழுது, கௌரவம் பார்த்து எதையும் கூட்டி எழுதிவிடாதே. அதைப் படித்து உன்னைக் குறைவாக நினைக்க இந்த வீட்டில் யாரும் இல்லை. திரும்பி வந்துவிடலாமா என்று தோன்றினாலும் சொல், உன் கட்டிலில் சின்னவளின் புத்தகங்கள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன, இறக்கிவிட எத்தனை நேரம் ஆகும்?

நோய்நொடி அண்டாமல், மனக்குறை இல்லாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. அந்தத் தாளை இரண்டாக எழுது. ஒன்று கவுன்ட்டருக்கு. இன்னொன்று எனக்கு.

உன்மேல் உயிரை வைத்திருக்கும்
அம்மா