கையெழுத்துப் போட்டது நான்தான்

அன்பு மகள் ததாலாவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், உன் அம்மா நலம், உன் தம்பி மசாவுகோ உயிரோடு இருக்கிறான். இதை முதலில் எழுதக் காரணம், உன் மாமா லைடிசன் உனக்குப் போன் செய்து நான் அவனைக் கொன்றுவிட்டதாகச் சொல்லியிருப்பார். லீட்ஸில் உன் வேலை எப்படி, குளிர் எப்படி என்றெல்லாம் கேட்கவேண்டும், இன்று மனம் ஓடவில்லை.

மூன்று வாரமாக அவனுக்குத் தலைவலி. சுகாதார நிலையத்தில் இரண்டு முறை மலேரியா மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். போன ஞாயிறு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றான், மறுநாள் பெற்ற தாயையே யாரென்று கேட்டான். சைக்கிள் டாக்சிக்காரன் முதுகோடு துணியால் கட்டி மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே அவனுடைய ஆஸ்பத்திரிப் புத்தகத்தைப் புரட்டினால் எட்டு மாதமாக மாத்திரை வாங்கிய முத்திரை ஒன்றும் இல்லை. தான் வேலை பார்க்கும் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் யாராவது டப்பாவைப் பார்த்துவிடுவார்கள் என்று வெட்கப்பட்டு எச்.ஐ.வி. மாத்திரையை விட்டிருக்கிறான்.

மருத்துவ அதிகாரி உன் வயதுப் பெண். முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக் காகிதம் நீட்டினாள். நம் வழக்கம் உனக்குத் தெரியும், பிள்ளைகள் தாய்வழிக்கு உரியவர்கள், சரி என்று சொல்லவேண்டியவர் தாய்மாமன், நான் முப்பத்தெட்டு வருடமாகப் பெண்வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை. லைடிசன் வந்தார். "மச்சான், அந்த ஊசி போட்டு எழுந்து நடந்தவன் ஒருத்தனைக் காட்டு பாப்போம். கோழிக்கூடு கட்டச் சொன்னா கட்டு, எங்க பிள்ளை விஷயத்துல மூக்கை நுழைக்காதே" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பக்கத்துப் படுக்கைக்குத் துணை இருந்தவள் சிரித்தாள்.

உன் அக்கா லின்லிக்கும் இதே தலைவலி, இதே காகிதம். அன்றும் அவர் வேண்டாம் என்றார், நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன், ஐந்தாம் நாள் புதைத்தோம். ஊசி போடாமலேதான் செத்தாள், அதை மட்டும் யாரும் பேசுவதில்லை. அதனால் இந்த முறை பேனாவைப் பிடுங்கி நானே கையெழுத்துப் போட்டேன். "குடும்பத்தைக் கூட்டி உன்னைப் பாயும் கையுமா உன் ஊருக்கே அனுப்பிருவேன்" என்றார். "அனுப்பு மச்சான், பாய் நான் பின்னினதுதான்" என்றேன்.

ஊசி இறங்கியதும் நீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது, தலைக்குள் அவ்வளவு அழுத்தமாம். நான் நான்காம் வகுப்புதான், ஆனாலும் அந்த மருத்துவப் பெண்ணை விடாமல் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். அவன் தலைக்குள் இருப்பது மண்ணிலும் புறா எச்சத்திலும் இருக்கும் பூஞ்சை, எல்லோரும் மூச்சில் இழுக்கிறோம், காவல் உள்ள உடம்பு விரட்டிவிடும். எச்.ஐ.வி. காவலைத் தின்றுவிட்டால் அது மூளையைச் சுற்றிய உறைக்குள் குடியேறிவிடும். மூளைக்காய்ச்சல் குழந்தைகள் நோய் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த வார்டில் அது வந்து கிடப்பவர்கள் பதினோரு பெரியவர்கள், ஒன்பது பேருக்கு எச்.ஐ.வி., அதில் ஏழு பேருக்கு இதே பூஞ்சை, இருவருக்குக் காசநோய்க் கிருமி. நினைவு தப்பிய பிறகுதான் தூக்கி வருகிறார்கள், அதனால் சாகிறார்கள், பழி ஊசிக்கு. இதை வாசித்துக் காட்டினால் உன் மாமா "நோட்டு வாங்கினவன் எல்லாம் டாக்டரா" என்கிறார்.

ஒரே நாளில் பெரிய மருந்தை ஏற்றிவிட்டு இப்போது மாத்திரை கொடுக்கிறார்கள். நேற்று கஞ்சி குடித்துவிட்டு மசாவுகோ முதலில் பேசியது, "ஏம்ப்பா இப்படி நாறுறீங்க?" நான்கு நாளாக அதே சட்டை. நாறட்டும். உன் அம்மா இரண்டு நாள் அண்ணன் வீட்டில் அழுதுவிட்டு மூன்றாம் நாள் சோளக்களியோடு வந்தாள், மன்னிப்பும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை, அவன் காலைப் பிடித்துவிட்டாள். எனக்கு அது போதும். எச்.ஐ.வி. மாத்திரையை உடனே தொடங்கு என்று நீ போனில் அவனை நச்சரிக்காதே, மூளை கொஞ்சம் ஆறவேண்டும், அவசரப்பட்டால் ஆபத்து, ஒரு மாதம் போகட்டும் என்கிறாள் அந்தப் பெண்.

அவன் இன்னும் தப்பிவிடவில்லை. தலைக்குள் அழுத்தம் மறுபடி ஏறுகிறது, சனிக்கிழமை காலை இன்னொரு முறை நீர் எடுக்கவேண்டும். அதே காலைதான் என்னை விசாரிக்கக் குடும்பக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். உன்னையும் போனில் கூப்பிடுவார்கள், தபால் அதற்குள் வந்து சேராது என்று இதைப் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அப்பா வரமாட்டார் என்று சொல், வேறொன்றும் சொல்லவேண்டாம். கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும், உன் கையால் பராமரிக்கப்படும் கிழவர்கள் உன்னை வாழ்த்தட்டும். அவர்கள் எனக்குத் தீர்ப்பு எழுதும் நேரத்தில் நான் உன் தம்பியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, ஊசி இறங்கி முடியும்வரை அசையாமல் பிடித்திருப்பேன்.

உன் அப்பா,
பெதுவேல் முலெலெம்பா