மாமன் மடி

காவாந்தண்டலம்

அன்புள்ள தேவயானிக்கு,

உன் அண்ணி செல்லம்மாள் எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகளும் மாடும் சுகம். உன் அண்ணன் எங்களைவிடச் சுகம், வேளைக்கு ரெண்டு இட்லி அதிகமாகவே இறங்குகிறது. திருப்பூரில் நீயும் உன் வீட்டுக்காரரும் குட்டி சுபாஷ்ரீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தையல் மிஷினில் உட்காருகிறாய். இங்கே உன் அண்ணனும் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுகிறார். ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் நான் என்னத்தைச் சொல்ல. நாலாம் வகுப்புக் கையெழுத்து, கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். பொறுமையாகப் படி.

மாசி முதல் வெள்ளிக்கிழமை சுபாஷ்ரீக்குக் காதுகுத்து என்று உன் அண்ணன் உன்னை வரச்சொல்லியிருக்கிறார். காலையில் உத்திரமேரூர் ரிஜிஸ்தர் ஆபீசில் ஒரு சின்னக் கையெழுத்து, அது முடிந்ததும் கோயிலில் மாமன் மடி என்றாராம். அந்தச் சின்னக் கையெழுத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். உன் அப்பா விட்டுப்போன கிணற்றடி நிலத்திலும் வீட்டிலும் எனக்குப் பங்கே வேண்டாம் என்று நீ எழுதிக் கொடுப்பது. உன் அப்பா உயில் எழுதவில்லை. சட்டப்படி உனக்கும் உன் அண்ணனுக்கும் சரிபாதி. நிலம் ரோட்டோரம் இருப்பதால் மனை போடுகிறவர்கள் வந்து வந்து போகிறார்கள். உன் கையெழுத்துக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டதும் உனக்குக் கொடுக்கப் பட்டுப்புடவை வாங்கியாகிவிட்டது. காஞ்சிபுரம் போய் நான்தான் எடுத்தேன். அரக்குச் சேலை, மாம்பழக் கலர் கரை, உன் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும். எனக்கு இப்படி ஒன்று அவர் எடுத்ததே இல்லை. எழுதி வாங்க என்னிடம் ஒன்றும் இல்லாததால் இருக்கும்.

எங்கள் மகளிர் குழுவில் சிட்டம்மாள் இருக்கிறாள் இல்லையா, அவளும் இப்படித்தான் புதுப் பட்டு கட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டாள். புருஷன் செத்த பிறகு பொட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்தாள். அண்ணன் மருமகள் வாசலிலேயே நிறுத்தி, "இன்னாம்மா, எல்லாத்தையும் அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டியாமே, இப்போ இன்னாத்துக்கு வந்துக்கீற" என்று கேட்டாளாம். இப்போது சாலவாக்கத்தில் வாடகை வீடு, கூலி வேலை. அந்தப் பட்டை இன்னும் வைத்திருக்கிறாள். கட்டுவதில்லை.

அவள் சொன்னதைக் கேட்டுத்தான் வக்கீல் பொண்ணு ஜெனிஃபர் எங்களைச் சேர்த்து ஒரு மனு எழுதியது. விடுதலைப் பத்திரம் எழுத வருகிற பெண்ணை, அண்ணன் தம்பிகளை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கிறாள் என்று புரிகிற பேச்சில் படித்துக் காட்ட வேண்டும், இதை விதியாகவே போட வேண்டும் என்று மனு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுத்தோம். ஒரு அதிகாரி, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டார். "கட்டாயம் இன்னாத்துக்குங்க ஐயா, ஒரு பட்டுப்பொடவ போதுமே" என்றேன். சிரித்தார். சிட்டம்மாளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். விதியை மாற்றுவது சென்னையில்தானாம். அங்கேயும் போகத்தான் போகிறோம். ஆனால் விதி மாறும்வரை உன் வெள்ளிக்கிழமை காத்திருக்காது, தேவயானி.

உன் அண்ணன் கெட்டவர் இல்லை. உன் அப்பாவைக் கடைசிவரை தூக்கிக் குளிப்பாட்டியவர். நான் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "கண்ணாலத்துக்கு நக போட்டேன், அதான் அவ பங்கு. இன்னும் பங்குன்னு வாயத் தொறந்தா தாய்வூடு கெடையாது, மாமன் மடியும் கெடையாது" என்றார். நிஜமாகத்தான் சொன்னார். உனக்கு அது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

உன் பாதியை நீ எடுத்துக்கொண்டால் குறைவது என் அடுப்பிலும்தான். அதை யோசிக்காமல் எழுதவில்லை. என் மகள் ஜெயப்பிரியா பன்னிரண்டாவது படிக்கிறாள். உனக்கு நடப்பதையெல்லாம் அவள் அண்ணன் தன் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"மாமன் மடியிலதான் காது குத்தணும்னு எந்தச் சட்டத்துல கீது" என்று ஜெனிஃபரிடம் கேட்டேன். அப்படி ஒரு சட்டமும் இல்லை என்று சிரித்தது. கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஆபீசில் கையெழுத்துக்கு முன்னால் உன்னிடம் சம்மதமா என்று கேட்பார்கள். எல்லாப் பெண்களும் அங்கேதான் தலையாட்டுகிறார்கள். நீ ஆட்டாதே. நான் யோசிக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல். யார் முறைத்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்துக் கோயிலுக்கு வந்துவிடு. என் அம்மா எனக்குப் போட்ட சின்னக் கம்மலை மெருகு போட்டு வைத்திருக்கிறேன். ஆசாரியையும் வரச்சொல்லிவிட்டேன். உன் அண்ணன் வந்தால் மடி அவருடையது, சந்தோஷம். வராவிட்டாலும் கவலைப்படாதே, உங்களுக்கு முன்னாலேயே போய் அம்மன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பேன். குழந்தை கொஞ்சம் கனம் என்று சொன்னாய். இருக்கட்டும், தாங்குவேன்.

அந்த அம்மன் உன் நாக்கில் இருக்கட்டும்.

உன் அண்ணி,
செல்லம்மாள்