முந்தானையால் துடைத்த வயர்

இன்று காலை உன் வீட்டுச் சுவரில் ஏணி சாய்ந்திருந்தது. இணைப்பைக் கழற்ற வந்தவர் ஃபைபர் வயரில் கத்தரியை வைத்துவிட்டார். உன் காக்கா, கூடப்பிறந்த அண்ணன், கேற்றடியில் நின்றார்.

“தங்கச்சி மவுத்தாகி நாப்பதும் முடிஞ்சிட்டு. ஆளில்லாத வீட்டுக்கு என்னத்துக்கு இன்டர்நெட்?”

“கத்தரிய எடுங்க!” நான் கத்தியது அடுத்த ஒழுங்கைக்கும் கேட்டிருக்கும்.

உள்ளே உன் மேசையில் அந்த வெள்ளைப் பெட்டி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. எனக்கு முதல் நாள் எரிந்த சிவப்புத்தான் நினைவில் வந்தது.

அப்போது நீ, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தாய். மாப்பிள்ளையை அடக்கி இரண்டு கிழமைகூட ஆகவில்லை. நாலு மாதமும் பத்து நாளும் நீ படியிறங்க முடியாது. நாம் கணக்குப் படிப்பிக்கும் பிள்ளைகளுக்கோ சாதாரணதரப் பரீட்சைக்கு மூன்று மாதந்தான். போனில் பாடம் எடுப்பதென்றால் சிக்னல் பிடிக்க மொட்டைமாடிக்கு ஏறவேண்டும், உனக்கு அதுவும் ஆகாது. வயரோ ஒழுங்கை முனைத் தூணோடு நின்றிருந்தது. உள்ளே இழுக்க, இணைப்புக் கேட்ட வீடுகள் போதாது என்றார்கள்.

“போய் வீடு வீடாக் கேளு கா. எனக்குத்தான் இத்தா, ஒனக்கில்லையே” என்று துரத்தினாய். வெயிலில் அலைந்து கையெழுத்து வாங்கினேன், உன்னைத் திட்டிக்கொண்டே.

வயர் வந்தது. ஆனால் அந்நிய ஆண் உன் அறைக்குள் வர முடியாதே. யன்னலால் நுனியை என்னிடம் நீட்டிவிட்டு, வயர் பூட்ட வந்தவர் முற்றத்தில் நின்று சொல்லச் சொல்ல நான் செய்தேன். தூசு இருக்குமென்று முந்தானையால் நன்றாகத் துடைத்துச் செருகினேன். பெட்டியில் சிவப்பு.

“என்ன செஞ்சீங்க ராத்தா?”

“ஒண்டுமில்ல தம்பி, தொடச்சன்.”

“அல்லாஹ்! அதுட முனையத் தொடவே கூடாது ராத்தா!”

அவர் நுனியை வெட்டிப் புதிதாகச் செய்து தந்தார். அலுமாரி மறைவில் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். மாப்பிள்ளை போன பிறகு அன்றுதான் நீ சிரித்தாய்.

பிறகு பக்கத்து வீட்டு மாமி வந்தா. “இத்தாவில இரிக்கிற பொம்புளட குரல் ஊரெல்லாம் கேக்குதாம்.”

“நான் படியிறங்கல்ல மாமி. கணக்குப் பாடந்தான் போகுது” என்றாய்.

அடுத்த கிழமையே தன் பேத்தியையும் சேர்க்கச் சொல்லி வந்தா அதே மாமி. இத்தா முடிந்த பிறகும் நாலு மணிப் பாடத்தை நீ நிறுத்தவில்லை. டவுனுக்கு ரியூஷன் அனுப்பாத வீட்டுப் பெண்பிள்ளைகளெல்லாம் அதில்தான் படித்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டும் “நாலு மணிக்கு நீ எடு” என்றாய். முதலில் உன் வருத்தத்தைப் பார் என்று சத்தம் போட்டேன். பாடத்தையும் எடுத்தேன். நீ போன பிறகும் உன் மேசையில் இருந்துதான் எடுக்கிறேன்.

இதையெல்லாம் உன் காக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். வீட்டை வாடகைக்குக் கொடுக்கப் போகிறாராம்.

“குடுங்க காக்கா. வயர் என்ட வீட்டுக்கு வருது, என்ட பேருல. பாடம் நிக்காது.”

அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். போகட்டும். மாற்றுவதற்கான படிவத்தை அங்கேயே ஏணிப்படியில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். மதியத்துக்குள் வயர் மதிலைத் தாண்டி என் வீட்டுக்கு வந்துவிட்டது. இந்த முறை ஏணிக்காரர் உள்ளே வந்து தானே செருகினார். செருகுமுன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“முந்தானிய அங்கால வச்சிக்கங்க ராத்தா.”

அன்று யன்னலால் வயர் நீட்டிய அதே ஆள்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பாடம் போகும் திரையில் இன்னும் உன் பெயர்தான் வருகிறது. மவுத்தானவளின் பெயரை எடுத்துவிடு என்று சொல்லாத ஆளில்லை. யார் சொன்னாலும் எடுக்கமாட்டேன். நாலு மணிக்கு உன் பெயரைப் பார்த்து மாமியின் பேத்தி ஸலாம் சொன்னாள். நான் பதில் சொல்லிவிட்டு, நேற்று விட்ட சமன்பாட்டிலிருந்து தொடங்கினேன்.