உத்தரத்தில் எழுதிய நான்கு எழுத்து

ஈலி, ஹுய்யுவான் கோட்டை
ஏழாம் மாதம், பதினொன்றாம் நாள்

என் கண்ணே சூஹே,

அம்மா எழுதுகிறேன். நீயும் குழந்தையும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். வேலைக்குப் போகும்முன் தினமும் கிழக்கே பார்த்து நின்று இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

பத்து வருடத் தண்டனை முடிந்து நம் ஹூபெய்க்குத் திரும்பும் எழுத்தர் ஒருவர் இதைத் தன் பஞ்சுக் கோட்டுக்குள் வைத்துத் தைத்து எடுத்து வருகிறார். மாப்பிள்ளை உனக்குப் படித்துக் காட்டுவார். கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் படிக்கட்டும். உனக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க அப்பா எவ்வளவோ துரத்தினார். நம் குலப்பெயர் ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு, "இது போதும்ப்பா, என் பேரு எங்க இருக்குன்னு தெரிஞ்சா சரி" என்று தறிக்கு ஓடிவிட்டாய். இப்போது அது நினைவுக்கு வருகிறது.

நீ கொடுத்தனுப்பிய செய்தியும் துணிச் செருப்பும் வசந்தத்தில் வந்து சேர்ந்தன. இரண்டு வருடத்தில் ஊரிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

அப்பா நன்றாக இருக்கிறார். தானியக் கிடங்கில் மூட்டை எண்ணும் வேலை. ஓய்வு நேரத்தில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித் தருகிறார். இங்கே குளிர் அதிகம், அதில் வலது கை நடுங்கத் தொடங்கிவிட்டது. தூரிகை பிடிக்க முடியவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன். அவர் கையெழுத்து இல்லையே என்று நீ வருத்தப்படக் கூடாது.

தம்பி ஹெங் என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டான். குரல் உடைந்துவிட்டது. குதிரை மேய்க்கப் போய்விட்டால் பத்து நாளுக்கு ஒருமுறைதான் வருகிறான். நீ தைத்த செருப்பு அவன் காலுக்குச் சிறிதாகிவிட்டது. பக்கத்தில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். இனி அவனுக்குத் தைத்து அனுப்பாதே. அளவு தெரியாமல் துணிதான் வீணாகும்.

நாங்கள் ஊழியம் செய்யும் வீட்டு அம்மாள் மஞ்சு இனத்துச் சிப்பாயின் மனைவி. வாய்தான் கடுமை. பழைய ஆட்டுத்தோல் ஒன்று கொடுத்திருக்கிறாள். பால் கறக்கக் கற்றுக்கொண்டேன். முதலில் பசு என்னை உதைத்தது, இப்போது பழகிவிட்டது.

அப்பா என்னதான் எழுதினார், ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களே என்று கேட்டிருந்தாய். நீ அப்போது மாமியார் வீட்டில் வயிற்றுப் பிள்ளையோடு படுத்திருந்தாய். அதனால் சொல்கிறேன். கேட்டுவிட்டு மறந்துவிடு.

அந்த வருடம் நாற்பது நாள் மழை. நம் குலத்தார் கூடத்தின் கூரை உட்கார்ந்துவிட்டது. புது உத்தரம் அறுத்து, ஏற்றுவதற்கு முன் வழக்கம்போல நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். அப்பா நான்கு எழுத்து எழுதினார். நாளை மீண்டும் ஒளி வரும் என்பதுதான் அதன் பொருள். நாளை என்று எழுதும்போது முதலில் வருவது மிங். சூரியனையும் சந்திரனையும் பக்கம் பக்கமாக வைத்த அந்த எழுத்து. வெளிச்சத்துக்கும் அதே எழுத்துதான், நம் குலப்பெயருக்கும் அதே எழுத்துதான். இப்போது ஆளும் மஞ்சுக்கள் வருவதற்கு முன் ஆண்ட வம்சத்தின் பெயரும் அதுதான். அந்த வம்சம் ஒழிந்து நூற்று நாற்பது வருடம் ஆகப் போகிறது. அன்று கூடத்தில் நின்ற ஒருவருக்கும் அது நினைவில் இல்லை. தச்சன் கிண்டல் செய்தான்: "வாத்தியாரே, நாளைக்கும் மழ பெஞ்சா இந்த எழுத்த என்ன பண்ணுவீங்க?" அப்பா சொன்னார்: "அழிச்சிட்டு நாளன்னிக்குன்னு எழுதிடுவேன்." எல்லாரும் சிரித்தோம். மாப்பிள்ளைதான் பக்கத்தில் நின்று மை அரைத்துக் கொடுத்தார். அவருக்கும் நினைவிருக்கும்.

இருபது நாள் கழித்துச் சேவகர்கள் வந்தார்கள். உத்தரத்தைக் கீழே இறக்கி, வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். அப்பாவையும் அதே வண்டியில் ஏற்றினார்கள்.

விசாரணையில் நீதிபதி முதலில் நல்லபடியாகத்தான் பேசினார். வரும் நாள் என்று எழுதியிருக்கலாமே, வேறு வார்த்தை இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்றார் அப்பா. பின்னே ஏன் இந்த எழுத்து என்றார். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும்.

"அது எங்க கூரை ஐயா. எங்க குடும்பப் பேரும் அதுல வரட்டும்னு எழுதினேன். மிங் வீட்டுக்கும் விடியட்டும்னு."

"மிங்குக்கு விடியணும்னு நீயே சொல்லிட்ட. எழுதிக்கோ" என்றார் நீதிபதி, பக்கத்தில் இருந்த எழுத்தரிடம். அவ்வளவுதான். அதற்கு மேல் அப்பா சொன்ன எதையும் அவர்கள் எழுதவில்லை.

மணமாகிப் போன பெண் கணவன் வீட்டைச் சேர்ந்தவள் என்பதால் சட்டம் உன்னைத் தொடவில்லை. நீ எங்களோடு வரவில்லையே என்று அழுததாகக் கேள்விப்பட்டேன். அப்படி அழாதே. இந்த வழியில் ஒவ்வொரு நாளும் எனக்கிருந்த ஒரே சந்தோஷம் நீ வரவில்லை என்பதுதான்.

குழந்தைக்குத் தாத்தாதான் பெயர் வைக்க வேண்டும் என்று கேட்டாய். அப்பா இரண்டு நாள் யோசித்தார். ஹான், தாங், சோங் என்று எந்தப் பக்கம் கை வைத்தாலும் ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் ஓர் அரசன் செத்துக் கிடக்கிறான் என்று சலித்துக்கொண்டார். கடைசியில் தியன் என்று சொன்னார். வயல். அதற்குள் யாரும் எதையும் தோண்டி எடுக்க முடியாது.

மாமியாரிடம் எதிர்த்துப் பேசாதே. மாப்பிள்ளை சொல்வதைக் கேள். எங்களுக்குப் பதில் எழுத வேண்டாம், எழுதினால் இங்கே தொந்தரவு வரும். நாங்கள் மூவரும் உன்னை நினைக்காத வேளை இல்லை.

உன் தலையில் கை வைத்து,
அம்மா

*

மாப்பிள்ளை யாவ் தேரென் அவர்களுக்கு, மாமியார் வணங்கி எழுதுவது.

இந்தத் தாளை மட்டும் உங்கள் அரசு அலுவலகத்தில், உங்கள் கையில் தனியாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். இதில் அந்த ஓர் எழுத்தை நான் எங்கும் எழுதவில்லை. சூஹேவுக்குப் படிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். தற்செயலாகக் கண்ணில் பட்டால் இது என்ன தாள் என்று கேட்பாள்.

அவளுக்கு எழுதிய கடிதத்தில் விசாரணையைப் பற்றிச் சொன்னது மட்டும் உண்மை. அதையும் பாதியில் நிறுத்திவிட்டேன். வசந்தத்தில் நீங்கள் எழுதிய செய்தியில், "மாமாவின் உடல்நலம் எப்படி என்று சூஹே கேட்கிறாள்" என்று இருந்தது. மூன்று முறை படித்தேன். அவர் தலை ஒன்பதாம் மாதம் வூசாங்கில் விழுந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தத் தகவல் உங்கள் மேசைக்குத்தான் வந்திருக்கும். அவரும் எங்களோடு ஈலிக்கு வந்துவிட்டதாக நீங்கள் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். அதையே நானும் சொல்லிவிட்டேன். குழந்தையின் பெயரும் நான் வைத்ததுதான். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் தாத்தா மனம் மாறிவிட்டார் என்று ஒரு காரணம் சொல்லிவிடுங்கள்.

ஹெங் இங்கே வந்து சேரவில்லை. ஹாமிக்கு முன்னால் ஒரு தங்குமிடத்தில் காய்ச்சலில் விழுந்தான். இன்னும் எத்தனை நாள் நடக்க வேண்டும் என்று கேட்டான். மூன்று நாள் என்றேன். நாற்பதுக்கு மேல் இருந்தது. மறுநாள் காலை காவலர் தலைவர் பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கிளம்பச் சொன்னார். மண் இறுகிக் கிடந்தது, தோண்ட முடியவில்லை. கல் அடுக்கினேன். எல்லாக் கல்லும் அடுக்கி முடிக்க நேரம் கொடுக்கவில்லை. அக்கா அனுப்பிய செருப்பைப் பிரித்துப் பார்த்தபோது அது அவனுக்குச் சரியான அளவாக இருந்தது. அவன் பதினைந்து வயதுக் கால்தானே இன்னும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நீதிபதி அன்று புகார் மனுவை எடுத்து உங்கள் மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். உத்தரத்தில் இருந்த நான்கு எழுத்தையும் அதில் நகல் எடுத்து எழுதியிருந்தார்கள். நீ எழுதியது இதுதானா என்று கேட்டார். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஏன் அவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. சிறையில் சோறு கொடுக்கப் போனபோது கம்பிக்குப் பக்கத்தில் வரச் சொல்லி, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அது தேரென் கை. சந்திரனோட அந்தக் கொக்கிய உள்ள வளைக்காதடான்னு பத்து வருஷம் சொன்னேன். இன்னும் உள்ளதான் வளைக்கிறான்."

கோபப்படவில்லை. எட்டு வயதில் உங்களை முதல் நாள் பள்ளிக்குக் கூட்டி வந்தபோது எப்படிப் பேசினாரோ, அப்படித்தான் பேசினார். பிறகு, "சூஹேகிட்ட சொல்லாத. அவ அந்த வீட்டுல இருந்தாகணும்" என்றார். அன்றைக்குப் பிறகு எங்களைப் பார்க்க விடவில்லை. அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அந்தப் புகாரை ஏன் எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் பக்கத்து மாவட்டத்தில் ஒரு புத்தகத்துக்காக ஒரு குடும்பத்தையே அழித்தார்கள். தெரிந்தும் சொல்லாதவனுக்கும் அதே தண்டனை என்று சுவரெல்லாம் ஒட்டினார்கள். மை அரைத்துக் கொடுத்தவர் நீங்கள். தச்சனோ வேறு யாரோ முந்திக்கொண்டால் உங்கள் தலையும் போயிருக்கும், என் பெண்ணும் இந்தப் பாதையில் எங்களோடு நடந்திருப்பாள், வயிற்றுப் பிள்ளையோடு. நீங்கள் எழுதியதால்தான் அவள் அங்கே இருக்கிறாள். இதை எனக்கு நானே நூறு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் மனம் கேட்கவில்லை.

உங்கள் செய்தியின் கடைசியில் இன்னொரு வரி இருந்தது. மனைவியின் பிறந்த வீட்டைப் பற்றி மேலதிகாரி அடிக்கடி விசாரிக்கிறார், இப்படியே வைத்திருப்பது கடினமாகிவிடும் போலிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவளைத் தள்ளி வைக்க நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன். தள்ளி வைத்தால் அவள் எங்கே போவாள்? பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. மிச்சமிருந்த நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் குலப்பெயரையே மாற்றிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டதாகக் கேள்வி. கணவன் வீட்டுப் பெயரும் போய்விட்டால், பதிவேட்டில் அவள் பெயருக்கு முன் மிஞ்சுவது அந்த ஓர் எழுத்து மட்டும்தான். பிறகு அவளை எந்தச் சட்டம் காப்பாற்றும்?

அதனால் இத்துடன் இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். இங்குள்ள கோட்டை எழுத்தரின் காலில் விழுந்து எழுதி வாங்கியது. சூஹே என் வயிற்றில் பிறந்தவள் இல்லை, பஞ்ச காலத்தில் படகுத்துறையில் ஒரு பரதேசிப் பெண்ணிடம் வாங்கி வளர்த்த பிள்ளை, எங்கள் குலத்து ரத்தம் அவளிடம் ஒரு சொட்டும் கிடையாது என்று அதில் இருக்கிறது. கீழே என் கட்டைவிரல் ரேகை வைத்திருக்கிறேன். மேலதிகாரி மறுபடி கேட்டால் இதைக் காட்டுங்கள். நான் வாய்விட்டுச் சத்தியம் செய்து கொடுத்தது இது. எழுத்தர் இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் ஆமாம் என்றேன். இதைச் சூஹே எந்தக் காலத்திலும் பார்க்கக் கூடாது. வேறு எதை வேண்டுமானாலும் அவளிடம் சொல்லுங்கள், இதை மட்டும் சொல்லாதீர்கள்.

நான் மிரட்டுவதாக நினைக்க வேண்டாம். அந்தக் கையெழுத்து விஷயம் தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான். அடிமைப் பெண் சொல்வதை யார் கேட்கப் போகிறார்கள். இந்தக் குளிர்காலத்தை நான் தாண்டுவேன் என்றும் தோன்றவில்லை. அடுத்த வருடம் அவள் கேட்டால், அம்மா அப்பா தம்பி மூவரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அதற்கடுத்த வருடமும் சொல்லுங்கள். ஒருநாள் அவளே கேட்பதை நிறுத்திவிடுவாள்.

இரண்டு வருடமாக உங்களுக்கு என்ன சொல்லி வாழ்த்துவது என்று தெரியாமல்தான் எழுதாமல் இருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. உங்களுக்கு ஒரு தலைவலிகூட வரக் கூடாது. வேலையில் உயர வேண்டும். பல்லும் பார்வையும் போகாமல் கிழவனாக வேண்டும். என் மகள் நிறைய வயதாகிக் கண்ணை மூடும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு நாளாவது நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

இதை மனதாரத்தான் சொல்கிறேன்.

உங்கள் மாமியார்,
ஜான் குலத்தில் பிறந்த பெண்