வெட்டினால்தான் பழம்

என் பாசத்துக்குரிய அண்ணிக்கு,

மலைமேல் நம் செம்மேட்டில் இன்றைக்கும் மழை. உங்கள் வார்டையும் உங்கள் ஆட்டத்தையும் இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டாக்டர்கள் அறை மேசையில் நீங்கள் பெயின்டால் வரைந்த தாயக்கட்டம் அப்படியே இருக்கிறது. மேசையை மாற்ற வந்தவர்களை விரட்டிவிட்டேன்.

பயிற்சி மருத்துவர்களை ஆய்வுக் கட்டுரை எழுத வைக்கத் தாயம் ஆட வைத்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். ஆய்வின் கேள்வியை ஒரே வாக்கியத்தில் சொன்னால் தாயம், காய் இறங்கலாம். ஒவ்வொரு பகுதியையும் முடித்ததும் கட்டையை உருட்டலாம். உள்ளே நுழைய மட்டும் வெட்டியாக வேண்டும், அடுத்தவர் காயை அல்ல, தான் எழுதியதில் தேவையில்லாததை. பத்திரிகை ஏற்றுக்கொண்டால் பழம். கண்ணைக் கசக்குகிறவர்களிடமும் "அழுவாத கண்ணு, வெட்டு" என்றுதான் சொல்வீர்கள்.

உங்கள் காய் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது. இந்த மலையின் குண்டூர் நாட்டுப் பெண்கள் பிரசவ வலியோடு ஏன் தாமதமாக வந்து சேர்கிறார்கள் என்ற கட்டுரை. நீங்கள் கண்ணை மூடிய பிறகு பயிற்சிப் பிள்ளைகள்தான் மீதியை முடித்தார்கள். ஆனால் தொடக்கத்தில் மலையையும் மழையையும் பற்றிப் பக்கம் பக்கமாக உருகியிருக்கிறீர்களே, அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கே வந்திருக்குமா?

நேற்று பயிற்சி டாக்டர் கவிதா பொறுமை இழந்துவிட்டாள். சோளக்காடு ஊர்ப் பெண், மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"ஏனுங்க மேடம், பெரிய மேடம் எங்களுத வெட்டாம உள்ள உட்டிருப்பாங்களா?"

"அது அவங்க கடைசியா எழுதுனது, கவிதா."

"அதுக்குன்னு இப்படியே நிக்கட்டுங்களா? அந்தப் பொம்பளைங்க இன்னமும் லேட்டாத்தானுங்க வர்றாங்க."

எனக்குச் சுரீரென்றது. கோபமும் வந்தது, அண்ணி, உங்கள் மேல்தான். ஊருக்கெல்லாம் சட்டம் போட்டுவிட்டு, உங்கள் பக்கங்களை மட்டும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்களே!

இன்று காலை உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னதில் பாதியைத்தான் கேட்டேன்: அழுதேன், வெட்டினேன். மழை போனது, மூடுபனி போனது. ஒரே ஒரு வாக்கியத்தை விட்டுவைத்தேன்: "சாலை முடிகிற இடத்திலிருந்துதான் இவர்கள் வீடு தொடங்குகிறது." அதை வெட்ட யாரையும் விடமாட்டேன்.

கவிதாதான் உங்கள் காயை உள்ளே நகர்த்தினாள். பிறகு கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பினோம்.

திருப்பி அனுப்பினால் மறுபடி தாயம் போட்டு இறங்குவோம், எத்தனை முறை ஆனாலும் சரி. பழம் ஆகாமல் உங்கள் காயை அந்த மேசையிலிருந்து எடுக்க மாட்டேன்.

உங்களிடம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத
உங்கள் நாத்தனார்