பாதி டப்பா பவுடர்

எஃபாட்டே தீவு, வனுவாட்டு
ஜனவரி 4

அன்பு மகன் கல்ஃபாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் தங்கை லெய்சேலும் சுகம், கருப்புப் பன்றி ஐந்து குட்டி போட்டிருக்கிறது, அதுவும் சுகம். ஆஸ்திரேலியாவில் தக்காளித் தோட்டத்தில் நீ எப்படி இருக்கிறாய், முதுகுக்கு நான் கொடுத்தனுப்பிய எண்ணெயைத் தடவுகிறாயா அல்லது பைக்குள்ளேயே கிடக்கிறதா. கிடக்கும், உன்னை எனக்குத் தெரியாதா. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

புத்தாண்டன்று வழக்கம்போல கோயில் முடிந்ததும் தெருவை மறித்துவிட்டார்கள், கோயிலிலிருந்து கடற்கரை வரைக்கும் இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடை, நான்கு ஊர்ப் பாட்டுக் குழு, கடைசியாக நம் ஊர்க் குழு வீடு வீடாகப் பாடிக்கொண்டு வந்தது. போன வருடம் நடந்ததை உன்னிடம் நான் சொன்னதில்லை. அப்பா இறந்த நூறாம் நாள் விருந்து முடிந்து வந்த முதல் புத்தாண்டு அது, குழு நம் ஈரப்பலா மரத்தடிக்கு வந்ததும் யூகலேலே வாத்தியம் எல்லாம் நின்றது, தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலை குனிந்து நம் வீட்டைத் தாண்டிப் போய், தெருமுனைக் கடைக்கு அந்தப் பக்கம் மறுபடி பாட ஆரம்பித்தார்கள். வழக்கப்படி பாடுகிறவர்கள் தலையில் கொட்ட வாங்கி வைத்த பவுடர் டப்பாவோடு நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மரியாதை என்று முதலில் நினைத்தேன், அப்புறம் வருடம் பூராவும் மனசு அரித்தது, நான் என்ன தப்பு செய்தேன், அவர் போனதும் இந்த வீடு ஊருக்கு வேண்டாமல் போய்விட்டதா என்று. கேட்கவும் வெட்கம். பாட்டுக்கு ஏங்கும் விதவை என்று பேர் வாங்கவா.

இந்த வருடமும் இலையில் கட்டி வேக வைக்கும் லப்லப்புக்குக் கிழங்கு துருவும்போதே தூரத்துப் பாட்டுக்கு என் கால் தானாகத் தாளம் போட்டது, லெய்சேல் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பாட்டுப் பிடிக்கும் கல்ஃபாவ், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். மரத்தடியில் மறுபடியும் பாட்டு நின்றது. எனக்கு வந்ததே கோபம், டப்பாவோடு தெருவில் போய் நடுவில் நின்றேன், ஏன்டா என்று உன் பெரியப்பா மகன் ஓபெத்தைக் கேட்டேன். அவன் யூகலேலேயைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சித்தி, கல்ஃபாவ் அண்ணன்தான் போன்ல சொன்னாரு, சித்தப்பா வீட்டு முன்னாடி பாட்டுச் சத்தம் கேக்கவே கூடாதுன்னு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்," என்றான்.

அடப்பாவி மகனே என்றுதான் முதலில் வாயில் வந்தது. அப்புறம் உன் பக்கம் நின்று நினைத்துப் பார்த்தேன். விமானம் கிடைக்காமல் நீ அடக்கத்துக்கு வர முடியாமல் போனாய், மண் போட முடியாத கைக்கு வேறு என்ன செய்யத் தெரியும். உன் துக்கத்தை நீ நம் வாசலில் காவல் வைத்திருக்கிறாய், எனக்குப் புரிகிறது. ஆனால் யாருக்காக மௌனம்? உன் அப்பா தூங்கும்போதுகூடச் சும்மா இருந்ததில்லை, குறட்டையில் கூரைத் தகரம் ஆடும். அதைவிட, இந்த வீட்டில் தினமும் இருப்பவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பாடுங்கடா என்றேன். பாட மாட்டேன் என்கிறார்கள், உன்மேல் அவ்வளவு பயம். அண்ணனுக்கு யார் பதில் சொல்வது என்றான் ஓபெத். "நான் சொல்றேன். அவன் அப்பாவுக்கு மட்டுமா புள்ள?" என்றேன். பாடினார்கள், ஒன்றில்லை, மூன்று பாட்டு. குழுவில் அப்பா வாசித்த ஒற்றைக் கம்பிப் பெட்டியை இப்போது ஓபெத்தின் மாமனார் வாசிக்கிறார், அப்பா அளவுக்கு வராது, ஆனாலும் அந்தச் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. அழுதுகொண்டே ஆடினேன். ஒவ்வொரு தலையிலும் பவுடரைக் கொட்டினேன், என் தலையிலும் யாரோ கொட்டினார்கள், மாவு மூட்டைக்குள் விழுந்த கோழி மாதிரி இருந்தேனாம், உன் தங்கை சொல்கிறாள். பார்த்த நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள், பேசட்டும்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீதான் ஓபெத்தைக் கூப்பிட்டு, இனிமேல் நிறுத்த வேண்டாம் என்று உன் வாயால் சொல்ல வேண்டும், பாவம் அவன் பயந்து கிடக்கிறான். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ, ஆண்டவர் உன்னைக் கையில் வைத்துக் காப்பார். எண்ணெயை மறக்காதே. மூன்று பாட்டுக்குப் பாதி டப்பா தீர்ந்தது. மீதியை இறுக்க மூடி அப்பாவின் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வேலை ஒப்பந்தம் முடிந்ததும் வந்து, நம் வாசலில் நின்று அப்பாவின் அந்தப் பெட்டியை நீ வாசி. மீதிப் பவுடர் உன் தலைக்குத்தான்.

உன் அம்மா,
லெய்மாரா